அதிபர் நடத்திய பாடம்

வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனிலுள்ள வேக்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் 2009 செப்டம்பர் 8 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா ஆற்றிய உரை, நாடெங்கும் உள்ள வகுப்பறைகளில் நேரலையாகக் காட்டப்படுவதற்கென்றே எழுதப்பட்டது. ஆயினும் மாணவர்களின் காதுக்கு எட்டும் முன்பே அது பெற்றோரிடையே பெரும் சர்ச்சையாகிவிட்டது. அதிபருக்குத் தாங்கள் எவ்வாறு உதவலாம் என்று மாணவர்கள் தமக்குத் தாமே கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்றொரு யோசனை, கல்வித் துறை ஆசிரியர்களுக்கென வெளியிட்ட துணைக் குறிப்பில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்ட எதிர்த்தரப்பினர், பிள்ளைகளின் மனத்தில் கட்சிக் கொள்கையைப் புகுத்தப் பார்க்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டவே, அவ்வரி திருத்தப்பட்டதோடு உரையின் முழு வடிவமும் ஒரு நாள் முன்னதாகவே வெளியிடப்பட்டது. (1991இல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் வாஷிங்டன் பள்ளியொன்றிலிருந்து மாணவர்களிடம் பேசியபோது, அதை அரசுப் பணத்தில் நடக்கும் விளம்பரம் என்று சாடியவர்கள் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியினரே.) ஆகவே அவ்வுரைக்கு இரண்டு அவைகள் இருந்தன: எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகள் ஓர் அவை, வீட்டிலிருந்து ஐயத்தோடு கவனித்த பெற்றோர் மற்றோர் அவை.

கேட்போரை இணங்கவைக்கும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாகப் பகுத்தார்: பேசுபவரின் குணத்தால் பிறக்கும் நம்பிக்கை, கேட்பவரிடம் எழும் உணர்ச்சி, வாதத்தின் பொருத்தம். இவற்றுள் முதலாவதை ஒபாமா தம் இளமைக் கதையால் தேடிக்கொண்டார். இரண்டு வயதில் தந்தை பிரிந்து சென்றதையும், இந்தோனேசியாவில் வாழ்ந்தபோது அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்க்கப் பணமில்லாததால் தாயே அதிகாலை நான்கரை மணிக்கு எழுப்பிப் பாடம் சொல்லித்தந்ததையும், தூக்கக் கலக்கத்தில் தாம் முணுமுணுத்தபோது இது தனக்கும் விளையாட்டல்ல என்று அவர் அதட்டியதையும் விவரித்தார். எங்கள் கஷ்டம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மாணவர் கேட்கக்கூடிய கேள்வி, கேட்கப்படும் முன்பே இதனால் அடைபட்டது. அதட்டுபவர் தாய் என்பதால் வீட்டிலிருந்த அவையும் தன்னை அக்கதையில் கண்டுகொள்ள இடம் கிடைத்தது.

உரையின் மையம் அதன் வாதத்தில் இருக்கிறது. ஆசிரியர், பெற்றோர், அரசு ஆகியோரின் பொறுப்பைப் பற்றித் தாம் பலமுறை பேசியிருப்பதாக ஒப்புக்கொண்ட ஒபாமா, மாணவர் தம் பங்கைச் செய்யாவிட்டால் அவை எதுவும் பயன்படாது என்று அடுத்த மூச்சிலேயே திருப்பினார். பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர் அதைக் களையும் இம்முறையை நன்னூல், நூலுக்குரிய எழுவகை மதங்களுள் (கொள்கைகளுள்) ஒன்றாக எண்ணும். இத்திருப்பம் அரசியலிலும் கூர்மையானது: தனிமனிதப் பொறுப்பு என்பது அன்று எதிர்க்கட்சியாயிருந்த குடியரசுக் கட்சி நெடுங்காலமாகப் போற்றிவரும் கருத்தாதலால், அதையே உரையின் உயிராக்கியபோது எதிர்ப்புக்குப் பிடிமானம் இல்லாமல் போயிற்று.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் வருவாயில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருவதால், ஏழைகள் வாழும் வட்டாரத்துப் பள்ளி தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது. வறுமையையும் பாதுகாப்பற்ற தெருவையும் குறிப்பிட்ட உரை, அவை படிக்காமலிருப்பதற்குச் சாக்கல்ல என்று முடித்துக்கொண்டதே தவிர, அவற்றை மாற்றவேண்டியவர் யார் என்ற கேள்விக்குள் நுழையவில்லை. ஊக்கவுரை என்னும் வடிவத்துக்கே உரிய குறை இது என்றும் சொல்லலாம்.

உணர்ச்சிக்கு நாட்டுப்பற்று துணைவந்தது. பள்ளியைக் கைவிடுவது நாட்டையும் கைவிடுவதாகும் என்றவர், விடுதலைக்குப் போராடியவர்களும், பெருமந்தத்தைக் கடந்து உலகப் போரை வென்றவர்களும், கூகுளையும் ஃபேஸ்புக்கையும் தொடங்கியவர்களும் இதே இருக்கைகளில் இருந்தவர்களே என்று ஒரே வாக்கிய அமைப்பை மீண்டும் மீண்டும் அடுக்கினார். தோல்விக்கு அஞ்சாதிருக்க, பள்ளியின் முதன்மைக் கூடைப்பந்து அணியில் முதலில் இடம் கிடைக்காத மைக்கேல் ஜோர்டானையும், முதல் ஹாரி பாட்டர் நூல் பன்னிரண்டு முறை நிராகரிக்கப்பட்ட ஜே. கே. ரௌலிங்கையும் காட்டினார்.

2010இல் பிலடெல்பியாவிலும் 2011இல் வாஷிங்டனிலும் அவர் இதே வகை உரைகளை ஆற்றியபோது முதலாண்டின் கொந்தளிப்பு எழவில்லை.