பழைய கொமடோரை உடனே மின்னில் செருகாதீர்கள்

1982இல் அமெரிக்காவில் வெளிவந்த வீட்டுக் கணினி கொமடோர் 64. பரணில் கிடந்த ஒன்று கைக்கு வந்தால், எல்லோரும் முதலில் வயரைச் செருகித்தான் பார்ப்பார்கள். பல கணினிகள் செத்துப்போவதும் அப்போதுதான்.

அதன் மின்வழங்கிக்குள் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு எளிதில் வெளியேறாது. திறந்து திருத்துவதும் பெரும்பாடு. உள்ளே 5 வோல்ற் தரும் பகுதி பழுதானால் மின்னழுத்தம் ஏறி நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். மல்ரிமீற்றர் சரியான அளவைக் காட்டினாலும் நம்ப முடியாது, சூடேறிய பிறகும் பழுது தலைகாட்டலாம். புதிய மின்வழங்கியே பாதுகாப்பு.

மேம்படுத்தல் பிறகுதான். சில்லுக்கு மாற்றுத் தேடலாம், நெகிழ்வட்டில் ஒருவர் எழுதி வைத்த நிரலுக்கு எங்கே போவது? காந்தப்பூச்சு உதிரமுன் அதை எஸ்.டி. அட்டைக்குப் பிரதியெடுங்கள். அந்த அட்டையை வட்டியக்கி என்றே கொமடோரை நம்பவைக்கும் சிறு கருவிகள் இப்போது விற்பனைக்கு உண்டு.