புல்வெளியை உழுத அமைச்சர்
பசிக்கு எதிராகப் பந்தயம் கட்டிய சி.சுப்பிரமணியம்

டெல்லியில் மத்திய அமைச்சர்களுக்கு ஒதுக்கப்படும் வீடுகளின் முன்னால் பரந்த புல்வெளி இருக்கும். மாலையில் நாற்காலி போட்டு, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசுவதற்கான இடம் அது. 1960களின் நடுப்பகுதியில் அப்படியொரு வீட்டின் புல்வெளியை உழுது, கோதுமை விதைத்தார்கள். விதைக்கச் சொன்னவர் அந்த வீட்டில் குடியிருந்த உணவு, வேளாண்மைத் துறை அமைச்சர். மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரகக் கோதுமை இந்திய மண்ணில் விளையாது என்று வாதிட்டவர்களுக்கு, தம் வீட்டு வாசலிலேயே அவர் பதில் வைத்தார்.

அவர்தான் சி.சுப்பிரமணியம். தமிழ்நாட்டு அரசியலில் 'சி.எஸ்.' என்ற இரண்டெழுத்தே போதும். காமராஜரைத் தெரிந்த அளவுக்கு நம் இளைய தலைமுறைக்கு இவரைத் தெரியாது. ஆனால், கப்பலில் வரும் தானியத்தை எதிர்பார்த்திருந்த ஒரு நாடு தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டதற்குப் பின்னால் இருந்த அரசியல் துணிச்சல் பெரும்பாலும் இவருடையது. அதற்கு இவர் கொடுத்த விலையும் சிறியதல்ல.

பொள்ளாச்சி மண்

1910 ஜனவரி 30-ஆம் தேதி பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் சுப்பிரமணியம். திருப்பராய்த்துறை தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்கு நெருங்கிய உறவினர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார், பிறகு சட்டம். அறிவியல் படித்த பழக்கம் கடைசி வரை இவரை விடவில்லை. ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புவதும், சோதனை சரியென்று சொன்னால் பிறகு பின்வாங்காமல் இருப்பதும் இவர் இயல்பு.

கல்லூரி நாட்களில் பெரியசாமித் தூரன் உள்ளிட்ட கொங்கு நாட்டு நண்பர்களுடன் சேர்ந்து 'வனமலர்ச் சங்கம்' அமைத்தார். பின்னாளில் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர் அதே தூரன்தான். கோவையில் வழக்கறிஞர் தொழில், காங்கிரஸ் பணி, 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை என்று அந்தத் தலைமுறைக்குரிய பாதையில் நடந்த சி.எஸ்., அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார்.

தோற்றவரை அழைத்த காமராஜர்

1952-இல் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானபோது சி.எஸ். அமைச்சரானார். ராஜாஜியின் நம்பிக்கைக்குரியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. பெரும் எதிர்ப்பைச் சந்தித்த அரைநாள் பள்ளிக் கல்வித் திட்டத்தை ஆதரித்துப் பேசியவரும் அவர்தான்.

1954-இல் ராஜாஜி விலகினார். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் காமராஜருக்கு 93 வாக்குகள். எதிர்த்து நின்ற சி.எஸ்.ஸுக்கு 41. வழக்கமான அரசியலாக இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். காமராஜரோ, தம்மை எதிர்த்துப் போட்டியிட்டவரையே அமைச்சரவைக்கு அழைத்தார். சர்ச்சைக்குரிய கல்வித் திட்டம் கைவிடப்பட்டபோது கல்வி அமைச்சராக இருந்தவரும் சி.எஸ்.தான். நேற்று தாம் ஆதரித்ததை இன்று தம் கையாலேயே மூடிவைக்க வேண்டிய நிலை. அதைச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

1962 வரை நிதி, கல்வி, சட்டத் துறைகளைக் கவனித்தார். பள்ளிகள் பெருகியதும் மதிய உணவுத் திட்டம் பரவியதும் அந்தக் காலத்தில்தான். முடிவெடுத்தவர் காமராஜர். அந்த முடிவுகளுக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் தேடித் தந்தவர் சி.எஸ்.

யாரும் விரும்பாத நாற்காலி

1962-இல் பொள்ளாச்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றார். நேருவின் அமைச்சரவையில் எஃகு, கனரகத் தொழில் துறை கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெருமைக்குரிய துறை. நேரு மறைந்த பிறகு, 1964 ஜூனில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி இவரிடம் உணவு, வேளாண்மைத் துறையை ஒப்படைத்தார். அரசியல்வாதிகள் அஞ்சி ஒதுங்கிய துறை அது. விலை ஏறினாலும் மழை பொய்த்தாலும் முதலில் திட்டு வாங்குபவர் உணவு அமைச்சர்தான்.

நிலைமை எப்படி இருந்தது? 1964-65-இல் நாட்டின் உணவு தானிய உற்பத்தி ஏறக்குறைய 8 கோடியே 90 லட்சம் டன். அடுத்த ஆண்டு வறட்சியில் அது சுமார் 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அமெரிக்காவின் பி.எல்.480 திட்டத்தில் வந்த கோதுமைதான் இடைவெளியை நிரப்பியது. 1966-இல் மட்டும் இறக்குமதி 1 கோடி டன்னைத் தாண்டியது. துறைமுகத்தில் இறங்கும் தானியம் நேராக மக்களின் வாய்க்குப் போனது. போதாக்குறைக்கு, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தானியத்தைச் சிறுகச் சிறுகவே விடுவித்தார். வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

விதை, விலை, விஞ்ஞானி

சி.எஸ். முதலில் கேட்ட கேள்வி எளிமையானது: விவசாயி ஏன் கூடுதலாக விளைவிக்க வேண்டும்? விளைச்சல் கூடினால் விலை விழும் என்றால், எந்தக் குடியானவனும் கடன் வாங்கி உரம் போட மாட்டான். ஆகவே கட்டுப்படியாகும் விலையைப் பரிந்துரைக்க 1965-இல் வேளாண் விலை ஆணையம் அமைந்தது. அந்த விலைக்குத் தானியத்தை வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14-இல், பொங்கல் நாளில், தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.

அடுத்தது விஞ்ஞானி. அதுவரை வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை நிர்வாக அதிகாரிகளிடம் இருந்தது. அதை மாற்றி, பி.பி.பால் என்ற விஞ்ஞானியைத் தலைமை இயக்குநராக்கினார். துறைச் செயலாளராக பி.சிவராமனைக் கொண்டுவந்தார். டெல்லி பூசா வளாகத்தில் குட்டை ரகக் கோதுமையைப் பயிரிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். மெக்சிகோவில் அந்த ரகங்களை உருவாக்கியவர் நார்மன் போர்லாக்.

குட்டை ரகத்தில் அப்படி என்ன விசேஷம்? பழைய கோதுமைப் பயிர் உயரமானது. உரமும் நீரும் கூடுதலாகக் கொடுத்தால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும், விளைச்சல் வீணாகும். குட்டைப் பயிரோ உரத்தைத் தாங்கி, சாயாமல் நின்று, கதிரை நிறைக்கும். ஹெக்டருக்கு ஒரு டன் எட்டுவதே கடினமாக இருந்த நாட்டில், சோதனை வயல்களில் இது நான்கு டன்னுக்கு மேல் தந்தது. விவசாயிகள் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்பதால், அவர்களுடைய சொந்த நிலத்திலேயே செயல்முறை வயல்கள் அமைக்கப்பட்டன. அமைச்சர் வீட்டுப் புல்வெளியும் அந்த வரிசையில் ஒன்று.

எதிர்ப்பு எல்லாப் பக்கமும் இருந்தது. அந்நியச் செலாவணி இல்லாத நேரத்தில் விதைக்கும் உரத்துக்கும் பணமா என்று நிதித் தரப்பு கேட்டது. இது அமெரிக்காவின் வலை என்றனர் இடதுசாரிகள். வசதியான விவசாயிக்கே இதன் பலன் போய்ச்சேரும் என்றனர் பொருளாதார அறிஞர்கள். அந்தக் கடைசி வாதத்தில் நியாயம் இருந்தது என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின. சி.எஸ். எல்லாவற்றையும் கேட்டார், நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை கப்பலேறியது. உலகம் அதுவரை கண்டிராத அளவு விதைக் கொள்முதல் அது. பொய்த்திருந்தால் அவருடைய அரசியல் வாழ்க்கை அதோடு முடிந்திருக்கும்.

மொழிக்காக ஒரு ராஜினாமா

இந்தப் போராட்டத்தின் நடுவில் இன்னொரு தீ மூண்டது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் என்ற அச்சத்தில் தமிழ்நாடு கொதித்தது. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. பிப்ரவரியில் சி.எஸ்.ஸும் ஓ.வி.அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறப்பதாகக் கடிதம் கொடுத்தனர். ராஜினாமாக்கள் ஏற்கப்படவில்லை. ஆனால் டெல்லிக்கு நிலைமையின் தீவிரம் உறைத்தது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தார். 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது.

விதைத்தவர் அறுக்கவில்லை

1967 பிப்ரவரியில் பொதுத்தேர்தல். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. ரேஷன் கடை வரிசையில் நின்று அலுத்துப்போன மக்களிடம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் வாக்குறுதி நேராகச் சென்று சேர்ந்தது. மொழிப் போராட்டத்தின் வடுவும் ஆறவில்லை. காங்கிரஸ் வீழ்ந்தது. விருதுநகரில் காமராஜர் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். கோபிச்செட்டிப்பாளையம் மக்களவைத் தொகுதியில் நாட்டின் உணவு அமைச்சரும் தோற்றார்.

ஓராண்டு கழித்து, 1968 வசந்தத்தில், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை குவிந்தது. கிடங்குகள் போதாமல் பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பறைகளில் மூட்டைகளை அடுக்கினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தொட்டது. 'கோதுமைப் புரட்சி' என்று பிரதமர் இந்திரா காந்தி சிறப்புத் தபால்தலை வெளியிட்டார். அப்போது வேளாண்மைத் துறை வேறொருவர் கையில் இருந்தது.

பழி தேர்தலுக்கு முன்பே வந்துவிட்டது. பலன் தேர்தலுக்குப் பிறகு வந்தது. நெடுநோக்குடன் முடிவெடுக்கும் எந்த அரசியல்வாதிக்கும் காத்திருக்கும் ஆபத்து இதுதான்.

பிறகும் நீண்ட பயணம்

1969-இல் காங்கிரஸ் பிளந்தபோது சி.எஸ். இந்திரா காந்தியின் பக்கம் நின்றார், காமராஜர் மறுபக்கம். 1971-இல் கிருஷ்ணகிரியில் வென்று திட்டத்துறை, தொழில் வளர்ச்சித் துறைகளைக் கவனித்தார். 1974 முதல் 1977 வரை நிதி அமைச்சர். கிராமப்புற மக்களுக்குக் கடன் தர 1975 அக்டோபர் 2-இல் மண்டல ஊரக வங்கிகள் தொடங்கியது இவர் காலத்தில்தான்.

ஆனால் அவை நெருக்கடி நிலை ஆண்டுகளும்கூட. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது அவர் அமைச்சரவையில் இருந்தார். மொழிக்காகப் பதவியைத் துறக்க முன்வந்தவர் அப்போது ஏன் துறக்கவில்லை என்ற கேள்வி அவர் வாழ்க்கை வரலாற்றில் நீங்காமல் நிற்கிறது. பின்னர் இந்திராவிடமிருந்து பிரிந்து, 1979-இல் சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சரானார். 1990-இல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமரின் செயல்பாடு குறித்து அவர் கூறிய கருத்து வெளியாகிச் சர்ச்சையானதால், 1993 ஜனவரியில் பதவி விலகினார். 1998-இல் பாரத ரத்னா. அதே ஆண்டு அந்த விருதைப் பெற்ற இன்னொரு தமிழர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. 2000 நவம்பர் 7-இல், 90 வயதில், சென்னையில் காலமானார்.

நம் தட்டில் ஒரு பருக்கை

பசுமைப் புரட்சியின் கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுத முடியாது. பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கியதும், உரமும் பூச்சிமருந்தும் மண்ணைச் சோர்வடையச் செய்ததும், பாசன வசதி இல்லாத பகுதிகள் பின்தங்கியதும் அதே ஏட்டின் மறுபக்கம். எம்.எஸ்.சுவாமிநாதனே இந்த ஆபத்தை 1968-லேயே எச்சரித்தார். ஆனால் பஞ்சத்தின் விளிம்பில் நின்ற நாட்டில், அன்று முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவாகவே இருந்திருக்கும்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 1960களில் மலேசியாவில் வெளியான நெல் ரகம் ஒன்று, லங்காவி மக்கள் போற்றும் மசூரியின் பெயரைத் தாங்கியது. அது இந்தியாவுக்குச் சென்று பல மாநிலங்களில் பரவியது. தமிழ்நாட்டில் அதன் வழியில் வந்ததுதான், காவிரியின் பெயர் சூட்டப்பட்ட பொன்னி. இன்று நம் வீட்டுச் சமையலறையில் பத்துக் கிலோ பையில் இருக்கும் அதே பொன்னி அரிசி.

அடுத்த முறை அந்தப் பையைப் பிரிக்கும்போது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஒரு காலத்தில் ஓர் அமைச்சர் தம் வீட்டுப் புல்வெளியை உழுதார், தேர்தலில் தோற்றார், ஆனால் அவர் விதைத்தது முளைத்தது என்று.