சிவப்பு அட்டை யாருடைய தலையைக் காக்கிறது?

மாணவர்களே, ரக்பி ஆட்டம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பந்தை ஏந்தி ஓடி வருபவரைத் தடுக்க ஒருவர் பாய்கிறார். அவருடைய தோள் ஓடி வந்தவரின் தாடையில் மோதுகிறது. நடுவர் ஊதலை ஊதி, சிவப்பு அட்டையை உயர்த்துகிறார். அந்த அட்டை யாரைக் காப்பாற்றுகிறது? ‘அடிபட்டவரை’ என்று சொல்வீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதியை அறிய கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் உயிரியலும் தேவை.

கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்துத் திடல்களில் காற்பந்துக்குத்தான் மவுசு அதிகம். ஆனாலும் ரக்பி நம் நாட்டுக்குப் புதியதல்ல. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் இங்கு வந்தபோது, அதன் அதிகாரிகள் காற்பந்துக்கு ஒரு கிண்ணமும் ரக்பிக்கு ஒரு கிண்ணமும் வழங்கினார்கள். இன்றும் பல இடைநிலைப் பள்ளிகளில் ரக்பி ஒரு புறப்பாட நடவடிக்கையாக இருக்கிறது.

ரக்பியில் இரண்டு வகை உண்டு. ஓர் அணியில் 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன். நம் பள்ளிகளில் ஆடும் 7 பேர், 10 பேர் ஆட்டங்கள் இதன் கிளைகள். ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற ரக்பி லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். இரண்டிலும் பந்தை ஏந்தி ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதை ‘டேக்கல்’ என்கிறார்கள். இரண்டிலும் கழுத்தையும் தலையையும் தாக்குவது குற்றம். ஆனால் அந்தக் குற்றத்துக்கு நீண்டகாலம் சிறிய தண்டனையே கிடைத்து வந்தது.

மூன்று நாளில் 17 பேர் வெளியே

2021 மே மாதம் ஆஸ்திரேலிய ரக்பி லீக் நிர்வாகம் கண்டிப்பான முடிவு ஒன்றை அறிவித்தது. தலையிலோ கழுத்திலோ பலமாக மோதினால், மோதியவர் 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். மிக மோசமாக இருந்தால் ஆட்டத்திலிருந்தே நீக்கப்படுவார். அந்த வார இறுதியில் பிரிஸ்பேன் நகரில், ஒரே அரங்கத்தில், மூன்று நாளில் 8 ஆட்டங்கள் நடந்தன. 14 பேர் தற்காலிகமாக வெளியேற்றப்பட்டார்கள். 3 பேர் முற்றாக நீக்கப்பட்டார்கள்.

விளையாட்டாளர்களும் பயிற்றுநர்களும் கொதித்தார்கள். ‘ஆட்டத்தின் அழகே போய்விட்டது’ என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். ஆனால் நிர்வாகத்துக்கு ஒரு கவலை இருந்தது. 2019-இல், இறந்துபோன இரண்டு முன்னாள் ரக்பி லீக் விளையாட்டாளர்களின் மூளைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய ஒரு சிதைவு நோயை அவற்றில் கண்டதாக அறிவித்திருந்தார்கள்.

கிண்ணமும் மிளகுத்தூளும்

மண்டை ஓடு அவ்வளவு உறுதியாக இருக்கும்போது மூளை எப்படிப் பாதிக்கப்படுகிறது? வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவுங்கள். தண்ணீர் அசையாமல் நின்றதும் கிண்ணத்தைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்புங்கள். கிண்ணம் திரும்பிவிடும், நடுவில் உள்ள மிளகுத்தூள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும்.

கிண்ணம்தான் மண்டை ஓடு. தண்ணீர்தான் மூளை. ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மூளை, அகர் அகரைப் போல மென்மையானது. தாடையில் அடி விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. மூளையின் வெளிப்பகுதி மண்டை ஓட்டோடு சேர்ந்து திரும்ப, உட்பகுதி பின்தங்குகிறது. இடையில் உள்ள நரம்பிழைகள் இழுபடுகின்றன. அவை முடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. இழுபட்ட இழைகளில் பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய மூளை தன் சக்தியைச் செலவிடுகிறது. இதுதான் மூளை அதிர்ச்சி. எலும்பு உடையாது, இரத்தம் வராது. சாதாரண ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

நேராக விழும் அடியைவிடத் தலையைத் திருப்பும் அடியே மூளைக்கு அதிக ஆபத்து என்பதை, ஹோல்போர்ன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஜெலட்டின் மாதிரிகளைக் கொண்டு 1943-லேயே விளக்கினார்.

இப்போது நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். விசை என்பது பொருண்மையை முடுக்கத்தால் பெருக்கி வருவது. உங்கள் பொருண்மை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தலை மட்டும் ஏறக்குறைய 5 கிலோ. ஒரே விசை மார்பில் விழுந்தால் 60 கிலோவைத் தள்ள வேண்டும். தலையில் விழுந்தால் முதல் கணத்தில் 5 கிலோவைத் தள்ளினால் போதும். முடுக்கம் 12 மடங்கு! கழுத்து தலையை உடலோடு இணைத்திருப்பதால் உண்மைக் கணக்கு இவ்வளவு எளிதல்ல. ஆனாலும் தோளுக்கு மேலே ஏன் கோடு போட்டார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

‘அப்படியானால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடலாமே?’ என்று கேட்கலாம். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் மண்டை உடையாமல் உயிரைக் காக்கிறது. அதை ஒருபோதும் கழற்றாதீர்கள். ஆனால் ரக்பியில் அணியும் மெல்லிய பஞ்சுத் தொப்பி காது கிழியாமலும் தோல் வெட்டுப்படாமலும் காக்கவே பயன்படுகிறது. தலை திரும்புவதை அது தடுப்பதில்லை. மண்டைக்குள்ளே கவசம் போட வழியில்லை. ஆகவே, மோதும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அடித்தவருக்கே அடி

மீதிப் பாதி விடைக்கு வருவோம். உலக ரக்பி அமைப்பின் ஆய்வாளர்கள் 1,516 தொழில்முறை ரக்பி யூனியன் ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் தலைக்காயப் பரிசோதனை தேவைப்பட்ட சம்பவங்கள் 611. அவற்றில் 464 டேக்கலின்போது நிகழ்ந்தவை. அந்த 464-இல் அடிபட்டது யார்? 335 முறை, அதாவது 72 விழுக்காடு, டேக்கல் செய்தவரே!

காரணம் எளிது. நிமிர்ந்து நின்று மோதுபவரின் தலை, எதிரே வருபவரின் தலையும் தோளும் இருக்கும் அதே உயரத்தில் இருக்கிறது. அங்கே தலையும் தலையும் முட்டிக்கொள்கின்றன. இடுப்பை வளைத்து டேக்கல் செய்பவரோடு ஒப்பிட்டால், நிமிர்ந்து நிற்பவரின் டேக்கலில் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆகவே, சிவப்பு அட்டையைப் பெற்றுத் தலைகுனிந்து வெளியேறுபவரின் தலையையும் அந்த அட்டைதான் காக்கிறது.

விதியையும் சோதிக்க வேண்டும்

கோட்டை இன்னும் கீழே இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2018-19 பருவத்தில் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை அணிகளுக்கான கிண்ணப் போட்டியில், டேக்கலின் எல்லையைத் தோளிலிருந்து அக்குளுக்கு இறக்கினார்கள். பழைய விதிப்படி நடந்த ஆட்டங்களோடு ஒப்பிட்டு, மொத்தம் 126 ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். பந்து ஏந்தியவரின் தலையிலும் கழுத்திலும் மோதுவது 30 விழுக்காடு குறைந்தது. ஆனால் மூளை அதிர்ச்சிகளின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை. பந்து ஏந்தியவரும் குனிய, தடுப்பவரும் குனிய, தலைகள் மறுபடியும் ஒரே உயரத்தில் சந்தித்தன. 2019 ஜனவரியில் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்ட விதி நல்ல பலன் தந்தே தீரும் என்று அறிவியல் நம்புவதில்லை. அளந்து பார்க்கிறது, தவறினால் திருத்துகிறது. அதன்பின் பல நாடுகள் வேறு உயரங்களைச் சோதித்துப் பார்க்கின்றன. 2023 ஜூலை முதல் இங்கிலாந்தின் பொழுதுபோக்கு நிலை ஆட்டங்களில் மார்பெலும்பின் அடிப்பகுதியே எல்லை.

தண்டனையையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. நடுவர் வரிசையாக நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறார். தலையில் மோதல் நடந்ததா? அது தவறான ஆட்டமா? ஆபத்து எவ்வளவு? எதிராளி திடீரென்று குனிந்தது போல, தண்டனையைக் குறைக்கக் காரணம் உண்டா?

2023 அக்டோபர் 28 அன்று பாரிஸில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன் பெற்ற மஞ்சள் அட்டை, காணொளி மறுஆய்வில் சிவப்பாக மாறியது. ஆண்கள் இறுதியாட்டத்தில் சிவப்பு அட்டை பெற்ற முதல் விளையாட்டாளர் அவர்தான். தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசிக்கும் தலை மோதலுக்காக மஞ்சள் அட்டை கிடைத்தது. மறுஆய்வுக்குப் பின்னும் அது மஞ்சளாகவே நின்றது. ஏறக்குறைய 50 நிமிடம் 14 பேரோடு ஆடிய நியூசிலாந்து 11-12 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. உலகக் கிண்ணமே கைநழுவினாலும் தலைக்குத்தான் முதலிடம் என்பதே அந்த விதியின் பொருள்.

உங்கள் திடலில்

நம் பள்ளி ஆட்டங்களில் காணொளி மறுஆய்வு கிடையாது. அங்கே உங்கள் கவனமே பாதுகாப்பு. டேக்கல் செய்யும்போது முழங்காலையும் இடுப்பையும் வளையுங்கள். கண்களைத் திறந்து வையுங்கள். தோளால் பிடியுங்கள். உங்கள் தலை எதிராளியின் உடலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், முன்னால் வேண்டாம்.

அடிபட்ட நண்பனுக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், குழப்பம், வெளிச்சத்தில் கண்கூச்சம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவன் அன்று ஆடக்கூடாது. மயங்கி விழவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவது, வளரும் வயதினருக்கு உயிராபத்தாகவும் முடியலாம். எனவேதான் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும் என்று உலக ரக்பி அமைப்பு பள்ளி, சங்க நிலை ஆட்டக்காரர்களுக்கு வழிகாட்டுகிறது.

ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களே என்று பயந்து தலைவலியை மறைக்கும் மாணவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். உங்கள் நண்பன் மறைத்தால் நீங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. அடுத்த மாதத் தேர்வை எழுதப்போவதும், அடுத்த ஆண்டு மறுபடியும் திடலில் இறங்கி ஆடப்போவதும் அதே மூளைதான்.