சந்தேகம் கேளுங்கள், சகோதரிகளே!

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டாக்டரின் முகத்தைவிட நர்ஸின் முகமே அதிகமாக நினைவிருக்கிறது என்பார்கள். நடுநிசியில் நோயாளி கண் விழிக்கும்போது பக்கத்தில் நிற்பவள் அவள்தானே! நமது இல்லங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் இப்படிப்புக்குச் செல்லுகிறார்கள். அவர்களுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுக்குப் பெரும் பகை கூச்சம். பெரியவர்கள் சொன்னால் மறுத்துக் கேட்கலாகாது என்று பழக்கியே நாம் பெண்ணை அனுப்புகிறோம். வீட்டுக்கு அது அழகாயிருக்கலாம். வார்டிலோ உயிருக்கே உலை வைத்துவிடும். டெலிபோனில் டாக்டர் 'ஃபிப்டீன்' என்கிறார். காதில் 'ஃபிப்டி' என்று விழுகிறது. 15 யூனிட் இன்சுலின் 50 யூனிட்டாகிவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நோயாளி நினைவு தப்பி, விடிவதற்குள் காரியம் மிஞ்சிப் போகலாம். ஆகவே வாய்மொழி உத்தரவை உடனே எழுதிக்கொண்டு, அதை டாக்டருக்கே திருப்பிப் படிக்க வேண்டும். "ஒன்று, ஐந்து, பதினைந்துதானே?" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்க வேண்டும். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்!

பொட்டாசியம் குளோரைடு என்றொரு மருந்து. டிரிப்பில் முறைப்படி கலந்து மெதுவாக ஏற்றினால் நன்மை செய்யும். கலக்காமல் நேரே இரத்தக்குழாயில் செலுத்தினாலோ இருதயமே நின்றுவிடும். பார்வைக்கு அது வெறும் தண்ணீரைப் போலத்தான் தெளிவாயிருக்கும். குப்பியின் உருவத்தை நம்பாமல் சீட்டைப் படிக்க வேண்டும். சந்தேகம் தோன்றினால், மூத்த நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டும் வரையில் மருந்தைத் தொடவே கூடாது. மருந்துப் பிழைகளைக் குறைப்பதற்கென்றே உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் தனி இயக்கம் ஒன்று தொடங்கியது என்றால், இந்த அபாயம் எவ்வளவு பெரியது என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆளை அறிவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "நீங்கள் லக்ஷ்மிதானே?" என்று கேட்டால், அரைத் தூக்கத்திலிருக்கும் கமலாவும் தலையை ஆட்டிவிடுவாள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, சார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை.

பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கை எல்லோரும் புகழ்கிறார்கள். அவருடைய கணக்குப் புத்தகத்தை யார் நினைக்கிறார்கள்? 1854-ல் கிரிமியா யுத்தத்துக்குச் சென்ற அவர், போர்க் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858-ல் வரைபடம் போட்டே காட்டினார். அதிகாரிகளால் அதைத் தள்ள முடியவில்லை. செய்ததைச் செய்த உடனே, மணியோடு சார்ட்டில் எழுதிவைக்கும் பெண்ணுக்கு அந்தப் பலம் வந்துவிடுகிறது.

கூச்சத்தால் தனக்கே தீங்கு தேடிக்கொள்வதும் உண்டு. நோயாளிக்குக் குத்திய ஊசி தன் விரலில் குத்திவிட்டால், திட்டு விழுமே என்று மறைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தை அழுத்திப் பிழியாமல், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, அப்போதே மேலதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஆரம்பித்து 28 நாள் உட்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியையோ வார்டில் கால் வைக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் மூன்று தவணை. பெண்ணைச் சேர்க்கப் போகும் பெற்றோர், சம்பளம், ஹாஸ்டல் பற்றி விசாரிக்கும்போது, இந்தத் தடுப்பூசிக்குக் கல்லூரி ஏற்பாடு செய்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுவது நலம்.