கண்டால் மட்டும் போதுமா?

பொங்கல் நான்கு நாள் விழா என்பதை நீங்கள் அறிவீர்கள். போகியும் பெரும் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் கழிந்தபின் வருவது காணும் பொங்கல். உற்றார் உறவினரைச் சென்று காணும் நாள் ஆதலின் அதற்கு அப்பெயர் வழங்குகிறது. வெளியூர்களில் வேலை பார்ப்போரும் படிப்போரும் பேருந்திலும் புகைவண்டியிலும் நெருக்கியடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்கின்றனர். வீடு நிறைந்துவிடுகிறது. ஆனால் வீடு நிறைந்த அளவுக்குப் பேச்சு நிறைகிறதா? பெரியவர்கள் ஒரு பக்கம் அமர்ந்திருக்கிறார்கள்; இளையவர்கள் மற்றொரு பக்கம் கைப்பேசியை நோக்கியபடி இருக்கிறார்கள். "நல்லா இருக்கியா?", "நல்லா இருக்கேன்" என்பதோடு ஓராண்டுக்கு உரிய உரையாடல் முடிந்துவிடுகிறது.

மாணவ நண்பர்களே, உங்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் அவ்வாறே இருந்தேன். என் கையில் கைப்பேசி இல்லை. கதைப் புத்தகம் இருந்தது. வேறுபாடு அவ்வளவே. அதனால் நான் இழந்தது என்ன என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் பாட்டனார் வீடு இருந்தது. ஆண்டுதோறும் பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் அங்கே கூடுவோம். என் பெரியப்பா, இருப்புப் பாதையைச் செப்பனிடும் தொழிலாளராகப் பாம்பன் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். விழா நாட்களில் திண்ணையின் ஒரு கோடியில் தூணில் சாய்ந்து அமர்ந்திருப்பார். தாமாக எவரிடமும் பேச மாட்டார். சிறுவர்களாகிய நாங்கள் அவருக்குப் 'பேசாத பெரியப்பா' என்று பெயர் வைத்திருந்தோம். எங்களைப் பிடிக்காததனால்தான் அவர் பேசுவதில்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். கல்லூரியில் படித்த காலத்திலும் அவர் காலைத் தொட்டு வணங்கித் திருநீறு பெற்றுக்கொண்டு அப்பால் சென்றுவிடுவேன். 1983ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். ஒரு நாள் வகுப்பில் தனுஷ்கோடிப் புயலைப் பற்றிக் கூற நேர்ந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய அப்புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற புகைவண்டி பயணிகளோடு கடல் அலைக்கு இரையாயிற்று. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. 1965இல் அதனைச் செப்பனிட்டு மீண்டும் வண்டி ஓடச் செய்தனர். இவற்றையெல்லாம் விளக்கி முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அந்தப் புயலை நேரில் பார்த்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியும். என் பெரியப்பா அப்போது அங்கேதான் வேலை பார்த்தார்" என்றேன். "அவர் என்ன ஐயா சொன்னார்?" என்றான்.

என்னிடம் விடை இல்லை. புத்தகத்தைத் திறந்தால் எவரும் அறியக்கூடிய செய்திகளை நான் அறிந்திருந்தேன். புயலைக் கண்ணால் கண்டவரோ எத்தனையோ பொங்கல்களில் எங்கள் திண்ணையிலேயே இருந்தார். அவரிடம் ஒரு வினாக்கூட நான் கேட்டதில்லை.

அன்று முதல், உறவினரோடு பழகும் முறையைப் பற்றி எண்ணத் தொடங்கினேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்ற சில எளிய முறைகளே அதற்கும் துணை செய்தன.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம். முன்பின் பழகாத உறவினரிடம் பேசுவதற்கும் இதுவே வழி. ஊருக்குப் புறப்படும் முன் உங்கள் தாய் தந்தையரிடம், "யார் யார் வருவார்கள்? அவர்கள் நமக்கு என்ன முறை? என்ன வேலை செய்தார்கள்?" என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஒருவரைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருந்தால் போதும். பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

நம் உறவுப் பெயர்களும் அத்தகைய செய்தியைத் தாங்கியிருப்பவை. தந்தையின் உடன்பிறந்தாரைப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்கிறோம்; தாயின் உடன்பிறந்தாரைப் பெரியம்மா, சித்தி, மாமா என்கிறோம். உறவு எவ்வழியில் வந்தது, மூத்தவரா இளையவரா என்பனவற்றைப் பெரும்பாலும் அச்சொல்லே அறிவித்துவிடும். 1871ஆம் ஆண்டில் உலக மக்கள் பலருடைய உறவுமுறைகளையும் தொகுத்து நூல் வெளியிட்ட லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர், தமிழரின் உறவுப் பெயர்களையும் அதில் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார். எல்லாரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று அழைத்தால் இந்தச் செய்தி மறைந்துபோகும். முறை சொல்லி அழைத்துப் பாருங்கள்; அழைக்கப்பட்டவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

அடுத்தது, வினாவை அமைக்கும் முறை. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் வினாக்கள் வகுப்பறையில் மிகுதியாகப் பயன்படமாட்டா. வீட்டிலும் அப்படித்தான். "மாமா, நலமா?" என்றால் "நலம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "மாமா, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "அத்தை, இந்தக் கிணறு வெட்டுவதற்கு முன் தண்ணீருக்கு எங்கே போனீர்கள்?" என்று கேளுங்கள். அவர் மட்டுமே அறிந்த ஒன்றைக் கேட்கும்போது அவர் உங்களுக்கு ஆசிரியர் ஆகிவிடுகிறார். முதுமையில் பலருக்கும் வாய்க்காத பெருமை அது.

கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் வினா எழுப்பிவிட்டு ஏறத்தாழ ஒரு வினாடியே காத்திருப்பதையும், மூன்று வினாடிக்கு மேல் காத்திருந்தபோது மாணவரின் விடைகள் விரிந்து வளர்ந்ததையும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் எடுத்துக்காட்டினார். முதியவர்களுக்கு மூன்று வினாடியும் போதாது. ஐம்பது ஆண்டுகளுக்கு அப்பால் சென்று ஒரு செய்தியை எடுத்துவர வேண்டுமல்லவா? அதற்குள் நீங்கள் கைப்பேசியைப் பார்த்துவிட்டால், எடுத்துவந்த செய்தியை அவர் அப்படியே திருப்பி வைத்துவிடுவார்.

இங்கே உங்கள் உள்ளத்தில் ஒரு குறை எழக்கூடும். "நாங்கள் பேசத்தான் நினைக்கிறோம். ஆனால் அவர்கள் மதிப்பெண் எவ்வளவு, திருமணம் எப்போது என்றுதானே கேட்கிறார்கள்?" என்பீர்கள். நியாயமான குறைதான். ஆயினும் அவர் நிலையிலிருந்து பாருங்கள். நீங்கள் படிக்கும் பாடத்தின் பெயர்கூட அவருக்குப் புதிது. உங்கள் வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த வாயில் மதிப்பெண் ஒன்றே. ஆகவே அதனைத் தட்டுகிறார். "இந்த முறை குறைந்துவிட்டது, மாமா, அடுத்த முறை பார்க்கலாம்" என்று மறைக்காமல் கூறிவிட்டு, வேறு வாயிலை நீங்களே திறந்துவிடுங்கள். கல்லூரியில் நீங்கள் செய்யும் வேலை ஒன்றை அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மதிப்பெண்ணை நாலு பேர் நடுவில் கேளாதீர்கள்.

சில குடும்பங்களில் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வரப்புத் தகராற்றினாலோ பாகப் பிரிவினையாலோ இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றுபோயிருக்கும். திருவள்ளுவர் 'சுற்றந்தழால்' என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைக்காமல், பொருட்பாலின் அரசியலில், 53ஆம் அதிகாரமாக வைத்தார். சுற்றத்தைத் தழுவிக்கொள்ளுதல் அரசனும் முயன்று பெற வேண்டிய திறன் என்பது அதனால் விளங்கும். ஈகையும் இன்சொல்லும் உடையவனைச் சுற்றம் சூழும் என்கிறார். பிரிந்துபோன உறவினரும் பிரிவின் காரணம் நீங்கினால் மீண்டும் வந்து சேர்வர் என்கிறார். பழைய வழக்கில் தீர்ப்புக் கூறுவது உங்கள் வேலை அன்று. எதிர்ப்பட்டபோது "வாங்க சித்தப்பா" என்று சொல்வதற்கோ, பந்தியில் அவர் இலைக்கும் பரிவோடு பரிமாறுவதற்கோ உங்களை எவரும் தடுக்கமாட்டார்கள். பெரியவர்கள் மீண்டும் பேசத் தொடங்குவதற்குச் சில வேளைகளில் அச்சிறு செயலே வழியாகிவிடும்.

இனி என் கதையை முடித்துவிடுகிறேன். அந்த மாணவன் வினாவிய பின் வந்த பொங்கலுக்கு நான் கையில் புத்தகம் இல்லாமல் ஊருக்குச் சென்றேன். பெரியம்மா கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நானும் அருகில் அமர்ந்து உரிக்கத் தொடங்கினேன். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, ஒரு வேலையில் கைகள் சேரும்போது பேச்சு எளிதாக வருகிறது என்பதை அன்றுதான் கண்டேன். சிறிது நேரம் சென்றபின் புயலைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த வருசம் பொங்கலுக்குக்கூட வரலை, தம்பி. பாலத்து வேலையிலேயே கிடந்தாக" என்றார் பெரியம்மா. பிறகு, "அதுக்கப்புறம் காத்து பலமா அடிச்சா ராத்திரி தூங்கமாட்டாக. எந்திருச்சுத் திண்ணையில போய் உக்காந்துக்குவாக" என்றார்.

எங்களைப் பிடிக்காமல் பேசாதிருந்தார் என்று நான் எண்ணியவரின் மௌனத்துக்குப் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. "எங்களிடம் அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே, பெரியம்மா!" என்றேன்.

"நீங்க யாரும் கேக்கலையே, தம்பி" என்றார் அவர். மொச்சையை உரிக்கும் கை நிற்கவில்லை. அவர் குரலில் குறை கூறும் தொனியும் இல்லை.

பெரியப்பாவிடம் கேட்க வேண்டியதை நான் கேளாமலே போனேன். ஆனால் பெரியம்மாவிடம் கேட்டேன். அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் அருகில் அமர்ந்து கேட்டேன். ஊருக்கு வரும் நாளை முன்னரே எழுதும்படி அவர் சொல்லியனுப்பும் அளவுக்கு எங்கள் உறவு வளர்ந்தது.

மாணவ மாணவியர்களே, வரும் விடுமுறையில் எல்லாரோடும் உறவாடிவிட வேண்டும் என்று மலைக்க வேண்டா. கூட்டத்தில் எவரும் பேச்சுக் கொடுக்காத ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். முறை சொல்லி அழைத்து, அவர் அருகில் அமர்ந்து, அவர் மட்டுமே அறிந்த ஒன்றைக் கேளுங்கள். கேட்டபின் சற்றுப் பொறுத்திருங்கள்.