நடை சாத்திய பிறகு சபரிமலையில் என்ன நடக்கிறது?

இரவு 10.50. ஒலிபெருக்கியில் யேசுதாஸ் குரலில் ஹரிவராசனம் தொடங்கியதும், அவ்வளவு நேரம் காதை அடைத்த சரண கோஷம் அப்படியே அடங்கிவிட்டது. உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாகக் குளிர்கின்றன. பாட்டு முடிந்தது, நடை சாத்தியாயிற்று. இனி விடிகாலை 3 மணிக்குத்தான் திறப்பார்கள்.

வருஷா வருஷம் இந்த நேரத்தில் தங்கும் விரிக்குப் போய்ப் படுத்தால் பொத்தென்று தூங்கிவிடுவேன். இந்தத் தடவை குருசாமியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு விழித்திருந்தேன். அடடா, இத்தனை வருஷமும் பாதி சபரிமலையைத்தானே பார்த்திருக்கிறேன்!

முதலில் தண்ணீர். குழாயைப் பிடித்துத் திருமுற்றம் முழுக்கப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். ஈரத்தில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பதினெட்டாம்படி தகதகவென்று நிற்கிறது, ஒரு கால்கூட இல்லாமல்! கருங்கல் படிகளுக்கு 1985-இல் பஞ்சலோகத் தகடு போர்த்தினார்கள். கோடிக்கணக்கான பாதங்கள் பட்டுத் தேய்ந்ததால் 2015-இல் புதிதாகப் போர்த்தினார்கள். பகலில் இதையெல்லாம் எங்கே பார்க்க முடிகிறது? இருமுடியைப் பிடிப்பதா, படியைத் தொட்டுக் கும்பிடுவதா என்று தவிப்பதற்குள் மேலே போய் நிற்கிறோம். இரண்டு ஓரமும் நின்று நம்மைத் தூக்கிவிடும் போலீஸ் சாமிகள் செய்யும் வேலை அது. கை கடுத்துப் போகும் என்பதால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள்.

விரிக்குத் திரும்பினால் குருசாமி நெய்த்தேங்காய்களோடு உட்கார்ந்திருக்கிறார். ஊரில் இருமுடி கட்டும் கட்டுநிறையின்போது நாங்களே கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, சரணம் சொல்லிச் சொல்லி உருக்கிய நெய் ஊற்றி, தக்கை வைத்து, நனைத்த அப்பளத்தால் ஒட்டிய காய்கள். உடைத்தார். மலைக் குளிரில் நெய் உறைந்து, தேங்காயின் வடிவத்திலேயே வெள்ளை உருண்டையாக வழுக்கி வந்தது! எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் விழ, விரி முழுக்க நெய் வாசனை. காலையில் அய்யப்பனுக்கு அபிஷேகம் ஆகப்போவது இது. மூடி ஆழி நெருப்புக்குப் போகும். நெய் ஜீவாத்மா, ஓடு உடம்பு என்பார் குருசாமி. ஆழியில் ஓடு வெடித்து எரிவதை அந்த அமைதியில் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அரவணைப் பிரசாதம் தயாராகும் பிளான்ட் பக்கம் போனால் அங்கே ராத்திரி என்பதே இல்லை. நீராவியில் உணக்கலரி வேகிறது, வெல்லப்பாகு கொதிக்கிறது, நெய்யும் சுக்கும் சேர்கின்றன, டின் மேல் டின்னாக நிரம்பி வந்துகொண்டே இருக்கிறது. அரிசி கொஞ்சம், வெல்லம் ஏகத்துக்கும். நம் வீட்டு அலமாரியில் அது கெடாமல் இருக்கும் ரகசியம் அதுதான். இந்த அரிசி, வெல்லம் எல்லாமே பம்பையிலிருந்து 5 கிலோமீட்டர் மேலே ஏறி வந்தாக வேண்டும். ஒரு காலத்தில் கழுதைகள் சுமந்தன, இப்போது ட்ராக்டர்கள் உறுமிக்கொண்டு ஏறுகின்றன.

வழியில் ஒருவர் சுக்குத் தண்ணீர் நீட்டினார். சுக்கு, வெட்டிவேர், பதிமுகம் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். நீலிமலை ஏறும்போது வாங்கிக் குடித்ததைவிட இந்த நடுச்சாமத்தில் இன்னும் ருசி!

மூன்று மணிக்கு நடையைத் திறக்கப்போகும் தலைமை அர்ச்சகரான மேல்சாந்தியின் கதை தெரியுமோ? அவரைத் தேர்ந்தெடுக்க இரண்டு வெள்ளிக்குடம். ஒன்றில் பெயர் எழுதிய சீட்டுகள், இன்னொன்றில் வெற்றுச் சீட்டுகளோடு ‘மேல்சாந்தி’ என்று எழுதிய ஒரே ஒரு சீட்டு. பந்தளம் அரண்மனையிலிருந்து வரும் சிறுவன் குடத்துக்கு ஒன்றாக எடுக்க எடுக்க, எந்தப் பெயரோடு அந்தச் சீட்டு வருகிறதோ அவர்தான். பிறகு ஒரு வருஷம் அவர் மலையை விட்டு இறங்குவதில்லை.

மணி ஒன்றரை இருக்கும். காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு யாரையும் சட்டை செய்யாமல் குறுக்கே போனது. பெரியார் புலிகள் காப்பகத்துக்குள்தானே நிற்கிறோம்! அதன் பின்னாலேயே விளக்குமாறும் சாக்குமாக நாலைந்து பேர். “எந்த ஊரு சாமி?” என்றேன்.

“சேலம் பக்கம் சாமி. நீங்க?”

விசுத்தி சேனைக்காரர்கள். மலையையும் பாதையையும் கூட்டிச் சுத்தமாக வைக்கும் இவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். சாக்குக்குள் எட்டிப் பார்த்தேன்: பன்னீர் பாட்டில், கற்பூர உறை, பொரி பாக்கெட், எல்லாம் இருமுடியிலிருந்து வந்தவை. “பாலித்தீனைத் தின்னா யானை, மான் எல்லாம் செத்துப்போகுது சாமி. அதான் ராத்திரியே பொறுக்கிடுவோம்” என்றார்.

3 மணிக்கு நடை திறந்தது. கழுவித் துடைத்த முற்றத்தில் முதல் சரணம் முழங்க, சேலத்துச் சாமி சாக்கைத் தோளில் போட்டபடி ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

சாமிமார்களே, இந்தக் கார்த்திகையில் இருமுடி கட்டும்போது பிளாஸ்டிக் ஒன்றுகூட உள்ளே வேண்டாம். அரிசியையும் பொரியையும் துணிப்பையில் முடியுங்கள். பம்பையில் துணியை விடாதீர்கள்.