படியும் சிலையும் மட்டுமா பத்துமலை?

2018-இல் மலைக் கோயில்களைப் பற்றி இரண்டு செய்திகள் வந்தன. தென்கொரியாவில் தொங்தோசா, பொப்ஜுசா உள்ளிட்ட 7 பௌத்த மலை மடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே மலேசியாவில் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளுக்கும் வானவில் வண்ணம் அடித்தார்கள். அனுமதி வாங்கவில்லையே என்று தேசியப் பாரம்பரியத் துறை கேட்பதற்குள் படங்கள் உலகம் சுற்றி வந்துவிட்டன.

கொரிய மடங்களில் ஒரு வழக்கம் உண்டு. புத்தர் மண்டபத்துக்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில், மலைத் தெய்வத்துக்குச் சிறிய சன்னதி இருக்கும். நரைத்த தாடிப் பெரியவர், பக்கத்தில் புலி. பௌத்தம் அங்கே போவதற்கு முந்தைய வழிபாடு அது. பின்னால் வந்தவர்கள் அவரை விரட்டாமல் இடம் கொடுத்தார்கள். குறிஞ்சி நிலத்தைச் சேயோனான முருகனிடம் ஒப்படைத்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பத்துமலையும் முருகனுக்கு முன்பே மலைதான். தெமுவான் பழங்குடியினர் குகைகளில் ஒதுங்கினார்கள். சீனக் குடியேறிகள் தோட்டத்து உரத்துக்கு வௌவால் எச்சம் அள்ளிப் போனார்கள். 1878-இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹோர்னடே வந்து பார்த்த பிறகு வெளியுலகம் அறிந்தது. குகையில் வேல் நட்டு வழிபாட்டைத் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. 1892 முதல் தைப்பூசம். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் சுமார் 15 கிலோமீட்டர் வந்துதான் இந்த மலையடியில் நிற்கிறது.

நம் கண்ணில் படுவதோ 2006-இல் எழுந்த 42.7 மீட்டர் சிலை. அதன் பின்னால் நிற்கும் சுண்ணாம்புப் பாறைக்குச் சுமார் 40 கோடி வயது. படியேறும் வழியில் இடப்பக்கம் இருட்டுக்குகை. பழமையான இனத்தைச் சேர்ந்த அரிய பொறிக்கதவுச் சிலந்தி அங்கே வாழ்கிறது. பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, குரங்கிடமிருந்து கைப்பையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு! இதே மலையை ஒரு காலத்தில் கல்லுக்காக உடைத்தார்கள் என்பதும் பலருக்கு நினைவில்லை.

இப்போது நகரும் படிக்கட்டுப் பேச்சு அடிபடுகிறது. முழங்கால் வலியோடு ஏறும் பாட்டிமார்களை நினைத்தால் எதிர்க்க மனம் வரவில்லை. ஆனால் துளை போடுமுன் பாறையை அறிந்த புவியியலாளர்களின் கருத்தைத் தேவஸ்தானம் கேட்க வேண்டும். கேட்டதைப் பக்தர்களுக்கும் வெளியிட வேண்டும். பால்குடம் எடுத்து வருகிறவர்களே, பிளாஸ்டிக் பைகளை மலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.